வாசனை இல்லாத காற்று

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆட்கள் வந்திருந்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய கட்டடம். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் தரைக்கு அடியில் ஒரு பெரிய சம்ப். மூடியைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தேன். அந்தச் சதுர இருட்டிலிருந்து பாசியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை காலில் வந்து மோதியது. ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, ஏணியில் ஒரு காலை வைத்தார்.

"இறங்காதீங்க" என்று யாரோ கத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், இது நல்ல தண்ணி தொட்டி மேடம். ஒண்ணும் ஆவாது" என்றார் அவர். நான் விடவில்லை. மாடிக்கு ஓடிப்போய் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து, டப்பாவில் நிற்க வைத்து, கயிறு கட்டி இறக்கச் சொன்னேன். அது உள்ளே போய் நன்றாகவே எரிந்தது. அவர் இறங்கினார், கழுவினார், பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வந்தார். அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் எனக்கு மெழுகுவத்தி மேடம் என்று பெயர். இருக்கட்டும். நான் வேலை பார்க்கிற வங்கியில் இதைவிட மோசமான பெயர்களெல்லாம் எனக்கு உண்டு.

ஆனால் அந்த வாடை என்னை விடவில்லை. அன்று முழுக்க வீட்டில் எதைத் தொட்டாலும் அதுவே வந்தது. அதே வாடையை இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில்தான் முகர்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில், ஆந்திராவில் ஒரு குகைக்குள். பெயர் வேண்டாம். இப்போது அங்கே விளக்கு, கம்பி வேலி, டிக்கெட் எல்லாம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது அது தரையில் இருந்த ஒரு பெரிய ஓட்டை, அவ்வளவுதான்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. எங்கே போனாலும் வெளியே போகிற கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சினிமா கொட்டகையில் வரிசையின் ஓரம். கல்யாண மண்டபத்தில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலி. சர்ச்சில்கூடக் கடைசி பெஞ்சு. "உங்கப்பா மோட்சத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னுப்பாரு" என்று அம்மா சொல்லுவாள். அப்பா சிரித்துக்கொள்வார்.

பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அப்பா என் கையை மெல்ல எடுத்துவிடுவார். "வாசன வந்தா பயமில்ல பாப்பா. நாம நவுந்துக்கலாம். வாசனையே இல்லாம வரும் பாரு, அதுக்குத்தான் பயப்படணும்." எனக்கு அது ஒரு விடுகதை மாதிரி இருக்கும். விடை கேட்கத் தோன்றியதில்லை.

அந்த பஸ் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் சிதம்பரம், மாமா வீடு. அம்மாவின் ஒரே தம்பி அற்புதராஜ் மாமா. கீழ வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் வீட்டுக்கு ஒரே பெண். கோடை விடுமுறை முழுவதும் எனக்கு அங்கேதான். அத்தை வைக்கிற கத்தரிக்காய் கொத்சு வாசனை ஒரு பக்கம், மாமாவின் இருட்டறையிலிருந்து வருகிற மருந்து வாடை ஒரு பக்கம். சிவப்பு விளக்கின் கீழே தட்டில் கிடக்கிற வெள்ளைத் தாளை ஆட்டிவிடுகிற வேலையை மாமா எனக்குத் தருவார். ஒன்றுமில்லாத தாளில் யாரோ ஒருவருடைய மீசை முதலில் வரும், பிறகு கண் வரும். நான் கத்துவேன். மாமா என்னைவிடப் பெரிதாகக் கத்துவார். ஆயிரம் தடவை பார்த்ததை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்க்கிற மனிதர் அவர். மணமேடையில் அழுகிற பெண்ணைக்கூடச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பார்.

மாமாதான் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் அந்தக் குகையின் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இவ்ளோ பெரிய எடத்த இவ்ளூண்டு படமா போட்டு வச்சிருக்கான் மாமா. நாம போயி ஒழுங்கா எடுக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார்.

"குகைக்குள்ள என்னா மச்சான் இருக்கப் போவுது?" என்றார் அப்பா.

"அது போனாத்தான தெரியும்."

அப்பா மூன்று நாள் மறுத்தார். காரணம் சொல்லவில்லை. நாங்கள் எங்கேயுமே போனதில்லை, வேளாங்கண்ணியைத் தவிர. அம்மா பேசாமல் இருந்தாள். அம்மா பேசாமல் இருந்தால் எங்கள் வீட்டில் அது நடந்துவிடும்.

ஒரு வேன் பிடித்தோம். அப்பா, அம்மா, நான், மாமா, அத்தை, அவர்களுடைய நாலு வயதுப் பெண் பெட்சி. அத்தை புளிசோறு கட்டியிருந்தாள். வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்புக் கல் பரவிய பொட்டல். மரம் இல்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, அதன் கீழே இரண்டு மூன்று பேர். தரையில் அந்த ஓட்டை. அவ்வளவு வெயிலிலும் அதன் ஓரத்தில் நின்றால் கணுக்காலுக்குக் குளிராக இருந்தது.

வழிகாட்ட ஒருவர் வந்தார். சென்னையில் கட்டட வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசினார். கையில் ஒரு லாந்தர். அப்பா வேனின் மேலே மூட்டைகளைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அது எதுக்கு மாமா?" என்றார் மாமா.

"இருக்கட்டும். உள்ள எடுத்துக்கலாம்."

"நாம என்ன கெணத்துல தூர் வாரவா போறோம்?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்பாவின் முகம் ஒரு கணம் வேறு யாருடைய முகமோபோல ஆனது. பிறகு அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

வழிகாட்டி எங்களை எண்ணினார். தன்னையும் சேர்த்து ஏழு. "லாந்தர் எங்க போவுதோ அங்க மட்டும் வாங்க" என்றார்.

படி மாதிரி வெட்டிய கல்லில் இறங்கினோம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் குளிர், பிறகு கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஈரப் புழுக்கம். வௌவால் எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது. அதற்கும் கீழே அந்தப் பாசி வாடை. எங்கோ ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு எப்போது விழும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிய பெட்சி பேச்சை நிறுத்திவிட்டாள். என் இடுப்பில் ஏறிக்கொண்டு கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா திரும்பித் திரும்பி வந்த வழியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு திருப்பத்துக்குப் பிறகு குகை சட்டென்று விரிந்தது. மாமா விசிலடித்தார். அது எங்கெங்கோ போய் இடித்துக்கொண்டு, வேறு யாரோ அடித்த விசிலாகத் திரும்பி வந்தது. "நம்ம ஆயிரங்கால் மண்டபத்தக் கவுத்துப் போட்ட மாதிரி இல்ல?" என்றார். மேலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் தொங்கியது. கூரையில் ஒரு இடத்தில் மட்டும் சின்ன துவாரம். அதிலிருந்து வெயில் ஒரு கம்பிபோல இறங்கியது. அதற்கு நேர் கீழே நாங்கள் நின்றோம். எங்களுக்கு முன்னால் தரை சரிந்து ஒரு குழியாகப் போனது. இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

மாமா அந்தக் குழியையும் மேலே துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் படம் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "கீழருந்து எடுத்தா உங்க தலைக்கு மேல அந்த வெளிச்சம் வந்துரும்" என்றார்.

"அங்க யாரும் எறங்க மாட்டாங்க சார்" என்றார் வழிகாட்டி.

"ஏன், பாம்பா?"

"தெரியாது சார். ஆடு எறங்குனா ஏறாது."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "எடுக்கட்டுமாடி குட்டி?"

"எடுங்க மாமா, சீக்கிரம்" என்றேன் நான். அதைத்தான் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் அவர் இறங்கியிருப்பார் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா பின்னால் அம்மாவின் கையைப் பிடித்து ஒரு வழுக்குப் பாறையைத் தாண்ட வைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து சேருவதற்குள் மாமா டார்ச்சும் கேமராவுமாகச் சறுக்கி அடிக்குப் போய்விட்டார். "எங்க மச்சான்?" என்றார் அப்பா. அத்தை குழியைக் காட்டினாள். அப்பா வழிகாட்டியின் கையிலிருந்த லாந்தரை வாங்கினார். குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, கை எட்டுகிற வரை அதைக் கீழே நீட்டினார். சுடர் சுருங்கியது. திரி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மேலே தூக்கினார், எரிந்தது. மறுபடி இறக்கினார், சுருங்கியது.

"மச்சான், மேல வா. ஒடனே வா."

"ஒரு நிமிஷம் மாமா. அக்கா, கொஞ்சம் எடது பக்கம் வா" என்றார் மாமா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். அம்மா இடது பக்கம் நகர்ந்தாள்.

பிறகு மாமா உட்கார்ந்தார். விழவில்லை. வெயிலில் நடந்து வந்த மனிதர் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். டார்ச் அவர் கையிலிருந்து உருண்டு, சுவரைப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தது. சத்தம் எதுவும் இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கமுடியாதது. அவர் கத்தியிருக்கலாம்.

வழிகாட்டிதான் முதலில் பாய்ந்தார். அப்பா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். "போனா நீயும் வரமாட்ட. வேன் மேல கயிறு இருக்கு. ஆள் கூட்டிகிட்டு ஓடியா. ஓடு." தன் டார்ச்சை அவர் கையில் திணித்தார். அவர் ஓடினார். அதற்குள் அம்மா சரிவில் ஒரு காலை வைத்துவிட்டாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க. எந்தம்பி."

"எறங்கக் கூடாது."

"விடுங்கன்றேன். செத்துருவான்."

"யாரும் எறங்கக் கூடாது" என்றார் அப்பா. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா அவரை அடித்தாள். என் கண் முன்னால், முகத்திலேயே அடித்தாள். அவர் கையை விடவில்லை. அத்தை குழியின் ஓரத்தில் உட்கார்ந்து மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன் அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

குகைக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அம்மா ஒரு ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பா அதை உருவினார். ஒரு ஓரத்தை அம்மா கையில் கொடுத்து மறு ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டார். குழிக்கு மேலே அதைத் தூக்கித் தூக்கி அடிக்கச் சொன்னார். "காத்து போவட்டும். தூக்கு. எறக்கு. தூக்கு." அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அம்மா அழுதுகொண்டே தூக்கினாள், இறக்கினாள். கீழே டார்ச் வெளிச்சத்தில் மாமாவின் செருப்பு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பெட்சியின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். அவள் என் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம் என்று அப்பா பிறகு சொன்னார். அரைமணி என்றாள் அத்தை. எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி கயிற்றோடு வந்தார், கூட வேன் டிரைவரும் இன்னொருவரும். அப்பா கயிற்றின் நடுவை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "நான் சாஞ்சா இழுத்துருங்க. யாரும் பின்னால வராதீங்க." மூன்று தடவை ஆழமாக மூச்சு இழுத்தார். நாலாவதை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சறுக்கி இறங்கினார். கையில் கொண்டுபோன மறு முனையை மாமாவின் அக்குளுக்குக் கீழே கட்டினார். அந்த முடிச்சைப் போட அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நானும் மூச்சை அடைத்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியாமல் இரண்டு தடவை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. மேலே வந்து குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். பிறகு மாமாவை இழுத்தார்கள். மாமாவின் தொண்டையிலிருந்து குறட்டைபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. உயிர் இருந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெட்சியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஒரு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அத்தை அறையிலிருந்து வெளியே வந்தாள். அம்மாவிடம்தான் பேசினாள், ஆனால் அப்பாவுக்குக் கேட்கும்படியாக.

"நின்னு பாத்துகிட்டேதான அண்ணி இருந்தாரு. அவ்ளோ நேரம் நின்னு பாத்துகிட்டேதான இருந்தாரு. கூடப் பொறந்தவனா இருந்தா நின்னிருப்பாரா?"

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அப்பா ஆரஞ்சின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சுளையைக் குழந்தையின் வாயில் வைத்தார்.

மாமா எங்களையெல்லாம் அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் கை நடுங்கியது. கேமராவை எடுத்தால் படம் இரண்டாகத் தெரியும். காலையில் யார் வந்தார்கள் என்பது மத்தியானம் நினைவிருக்காது. ஸ்டூடியோவைக் கொஞ்ச நாள் வேறு ஒருவர் பார்த்துக்கொண்டார், பிறகு விற்றுவிட்டார்கள். குழியிலிருந்து முன்னாலேயே எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று அம்மா ஒரு டாக்டரிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்லமுடியாது என்றார் அவர். அந்தப் பதிலோடுதான் எங்கள் வீடு அதற்குப் பிறகு குடித்தனம் நடத்தியது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சிதம்பரம் போகவில்லை. "நம்மளப் பாத்தா அவுங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார் அப்பா. பொங்கலுக்கும் அதையே சொன்னார். பிறகு சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கோடையில் நான் கடலூரிலேயே தட்டச்சு கற்றுக்கொண்டேன். அம்மா அப்பாவோடு சண்டை போட்டதில்லை, சிரித்துப் பேசவும் செய்தாள். ஆனால் அவர் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவதைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கேலி செய்யவில்லை. சில வருஷம் கழித்து மாமா இறந்தபோது போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு வந்தோம்.

அப்பா போய் இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கம் முடிந்த மறுநாள் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவோடு படித்தவர். வெட்டிப் போட்ட கரும்புக்கு லாரி கிடைக்காமல் நேற்று வரமுடியவில்லை என்று வருத்தப்பட்டார். அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டு, "சின்ன வயசுலயே போயிருக்க வேண்டியவன்மா. அன்னிக்கி நாங்க நாலு பேரு புடிச்சதால பொழச்சான்" என்றார்.

"என்னைக்கி?" என்றாள் அம்மா.

அவருக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? அந்தக் கெணத்துல."

தாத்தா காய்ச்சலில் போனார், பெரியப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டார் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவர் சொன்னது வேறு. கரும்புக் கொல்லைக் கிணற்றுக்குள் திட்டில் வைத்திருந்த ஆயில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கப் பெரியப்பா இறங்கியிருக்கிறார். எஞ்சின் புகை உள்ளேயே தங்கிவிட்டது. அவர் சாய்ந்ததைப் பார்த்துத் தாத்தா இறங்கினார். அவரும் சாய்ந்தார். மூன்றாவதாக அப்பா. இருபது வயது. "எடுப்பப் புடிச்சி இழுத்துப் படுக்க வச்சி மேல ஏறி ஒக்காந்துட்டோம்மா. அப்பா அப்பான்னு கத்தறான். எங்கைய கடிச்சான் பாருங்க" என்று அவர் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். வயதான தோலில் ஒன்றும் தெரியவில்லை. "அப்புறம் வேப்பங்கொத்தக் கட்டி எறக்கி ஏத்தி, காத்து மாத்தித்தான் ரெண்டு பேரையும் எடுத்தோம். அதுக்கப்பறம் எங்க கூட அவன் பேசவே இல்ல, ரொம்ப வருஷம்."

 முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், "சிதம்பரம் போவணும்" என்றாள் அம்மா.

அத்தை இப்போது சின்ன வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தாள். அம்மா உட்காரக்கூட இல்லை. கிணற்றில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கே சொல்லாம வச்சிருந்தாரு, எனக்கே சொல்லல என்று இரண்டு தடவை சொன்னாள்.

 "அண்ணன் சொல்லாட்டி என்னா அண்ணி" என்றாள் அத்தை. "நான் அன்னிக்கி ஏதோ கோவத்துல சொல்லிட்டன். ஒரு வாரம் இருந்திருக்கும் அந்தக் கோவம். நீங்க வருவீங்க, வருவீங்கன்னுதான் இருந்தன். அவரும் கேப்பாரு, அக்கா ஏன் வரல, மாமா ஏன் வரலன்னு. காலையில கேப்பாரு, சாயந்தரம் மறுபடி கேப்பாரு. நான் என்னான்னு சொல்றது?"

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

காபி குடித்தோம். கிளம்புகிற நேரத்தில் அத்தையின் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து பெட்சி, வீடியோவில். "யார் வந்திருக்காங்க பாரு" என்று அத்தை போனை எங்கள் பக்கம் திருப்பினாள். கண்ணாடி போட்ட, கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிற ஒரு பெண். அப்படியே மாமாவின் பல்வரிசை. அம்மா இரண்டு கையாலும் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"கடலூர்லேருந்து வந்திருக்கோம்மா" என்றாள்.

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தது. பிறகு மரியாதையாகச் சிரித்தது.

"நல்லாருக்கீங்களா ஆன்ட்டி?"

"நல்லாருக்கேம்மா" என்றாள் அம்மா.